ஃப்ரீமன் பள்ளிக்கூடம், நெப்ராஸ்கா: கரும்பலகைக்கு முன் கணப்படுப்பைப் பாருங்கள்

நெப்ராஸ்கா மாநிலத்தில் பியாட்ரிஸ் ஊருக்கு மேற்கே நாலு மைல் தூரத்தில், 4ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா. குடியேறிப் பயிரிடுவோருக்கு அரசு நிலம் கொடுத்த ஹோம்ஸ்டெட் சட்டத்தின் நினைவிடம் அது. ஊர்ப்பெயரை உள்ளூர்க்காரர்கள் 'பி-ஆட்-ரிஸ்' என்று நடு அசையை அழுத்திச் சொல்வார்கள். பெண்ணின் பெயரைப் போல 'பீட்ரிஸ்' என்று கேட்டால் வெளியூர் ஆள் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். மாநிலத் தலைநகர் லிங்கனிலிருந்து தெற்கே சுமார் 40 மைல். நுழைவுக் கட்டணம் கிடையாது.

பூங்காவில் பார்க்க நாலைந்து விஷயங்கள் உண்டு. இந்த மதிப்புரை பெரும்பாலும் ஒன்றைப் பற்றியது: பார்வையாளர் மையக் கட்டடத்துக்கு மேற்கே தனியாக நிற்கும் ஃப்ரீமன் பள்ளி என்ற ஒற்றை அறைச் செங்கல் பள்ளிக்கூடம். 1872இல் கட்டியது. 1967 வரை, 95 வருடம், அதில் வகுப்பு நடந்தது. அமெரிக்காவின் நடுவிலுள்ள புல்வெளிச் சமவெளி நாட்டுப் பழைய ஆசிரியைகளின் நினைவுக் குறிப்புகளைப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த அறை ஒரு திறவுகோல். அந்தக் குறிப்புகளில் பாடத்தைவிட அடுப்பும் தண்ணீர் வாளியும் ஏன் அதிக இடத்தை அடைத்துக்கொள்கின்றன என்பது இங்கே நின்றால் பிடிபடும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மையக் கட்டடம் நவீனமானது, குளிரூட்டியது, உள்ளே போனால் இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். வெளியே வரும்போது 'பள்ளிக்கூடம்தானே, காரிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்' என்று தோன்றும். பள்ளியை முதலில் முடித்துவிட்டு மையத்துக்குப் போங்கள். பள்ளிக் கதவு எல்லா நாளும் எல்லா நேரமும் திறந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். கிளம்பும் முன் பூங்காவுக்குப் போன் செய்து அன்றைக்குத் திறப்பார்களா, ஊழியர் யாராவது கூட வருவார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பூட்டியிருக்கும் கட்டடத்தைச் சன்னல் வழியாகப் பார்ப்பதில் பாதிகூடத் தேறாது.

கட்டடத்தை வெளியே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சுவர் ஓரடி கனம். கதவு, சன்னல்களுக்கு மேலே செதுக்கிய சுண்ணாம்புக்கல் உத்தரங்கள். நெப்ராஸ்கா மாநிலமாகி ஐந்தே வருடத்தில், ஒரு கிராமம் இவ்வளவு செலவு செய்து பள்ளி கட்டியிருக்கிறது. இங்கேதான் பார்வையாளர் ஏமாறும் இடமும் இருக்கிறது: அக்காலத்துச் சமவெளிப் பள்ளி என்றால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துவிடுவோம். இது நடுத்தரத்துக்கு ரொம்ப மேலே. இன்னும் மேற்கே போகப் போக, மரமே இல்லாத பகுதிகளில், புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிய மண்பாளப் பள்ளிகள்தான் முதலில் வந்தன. பாளம் சுமார் ஓரடி அகலம், நாலு அங்குலக் கனம், இரண்டு மூன்று அடி நீளம். புல் பக்கம் கீழே வருமாறு கவிழ்த்து அடுக்குவார்கள். குளிரையும் வெயிலையும் அது நன்றாகவே தாங்கும். மழைதான் எமன். கூரை ஊறினால் மழை நின்ற பிறகும் ஒன்றிரண்டு நாள் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். மண்ணும் பூச்சியும் பாடப்புத்தகத்தில் விழாமலிருக்க உத்தரத்துக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணியை இழுத்துக் கட்டுவார்கள். நினைவுக் குறிப்புகளில் 'மேல்துணி' என்று ஏதாவது வந்தால் அது இதுதான். பியாட்ரிஸ் பக்கம் ஓடைக் கரைகளில் மரம் இருந்தது, உள்ளூர்ச் சூளையில் செங்கல் கிடைத்தது. அதனால்தான் இந்தச் செங்கல் சுவர்.

உள்ளே போனதும் எல்லோரும் கரும்பலகையைத்தான் பார்ப்பார்கள். கண்ணை அடுப்பின் பக்கம் திருப்புங்கள்.

அந்த நாட்களில் ஒரு கிராமத்து ஆசிரியையின் காலை கணப்படுப்பில்தான் விடியும். முந்தின நாள் சாம்பலை அடித்தட்டிலிருந்து அள்ள வேண்டும். அள்ளாவிட்டால் கீழிருந்து காற்று ஏறாது, என்ன போட்டாலும் புகைந்துகொண்டே கிடக்கும். பிறகு குழாயிலுள்ள தடுப்புத் தகட்டை முழுக்கத் திறக்க வேண்டும். அடியில் சுள்ளி, அல்லது மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை. அது பற்றியதும் சிறு நிலக்கரி, அப்புறம் பெரிய கட்டி. நிலக்கரி சிவந்து வரும் வரை தகட்டைத் தொடக்கூடாது. அவசரப்பட்டு மூடினால் புகை மொத்தமும் அறைக்குள் திரும்பும். மூட மறந்தால் சூடு எல்லாம் குழாய் வழியே வானத்துக்குப் போய், மத்தியானத்துக்குள் கரித்தொட்டி காலி. பாதி மூடுவதுதான் கணக்கு, அந்தப் பாதி எது என்பது அடுப்புக்கு அடுப்பு மாறும். சமவெளிக் காற்று வேறு. புகைபோக்கி கூரை முகட்டைவிடத் தாழ்வாக இருந்தால், காற்று கூரைமேல் புரண்டு குழாய்க்குள் இறங்கி அடுப்பு வாயால் புகையைக் கக்கும். அப்படிப்பட்ட நாளில் சன்னலைத் திறந்துவிட்டுக் கோட்டோடு உட்கார்ந்து படிப்பதைத் தவிர வழியில்லை.

சோளக்கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. சீக்கிரம் பற்றும், நல்ல சூடு தரும், வைக்கோல் மாதிரி எரிந்து தீர்ந்தும்விடும். கட்டையை மட்டும் நம்பிய பள்ளியில் யாராவது ஒரு பையன் அடுப்புக்குத் தீனி போட்டபடியே இருக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறவைத்த கட்டை ஒன்றிரண்டைத் தகர டப்பாவில் வைத்திருந்து பற்றவைக்கப் பயன்படுத்துவார்கள். தணல் கிடக்கும் அடுப்பில் மண்ணெண்ணெயை நேரே ஊற்றியவர்களுக்குப் புருவம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். மரமும் கரியும் இல்லாத இடங்களில் காய்ந்த சாணி எரித்தார்கள். முதலில் காட்டெருமைச் சாணி, அது தீர்ந்ததும் மாட்டுச் சாணி. நம்மூர் வறட்டிபோலத் தட்டியது கிடையாது, புல்வெளியில் கிடந்தபடி காய்ந்தது.

இப்போது அடுப்புக்கும் பெஞ்சுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கண்ணால் அளந்து பாருங்கள். இரும்படுப்பு பக்கத்தில் இருப்பவர்களைச் சுடும், சுவரோரம் இருப்பவர்களுக்கு எட்டவே எட்டாது. அடுப்பருகே உட்கார்ந்தவன் முகம் சிவந்து தூங்கி விழுவான், மூலையில் உட்கார்ந்தவளுக்கு விரல் மரத்துப்போய் எழுத வராது. கெட்டிக்கார ஆசிரியைகள் அரைமணிக்கு ஒருமுறை இடத்தைச் சுழற்றிவிடுவார்கள். பல பள்ளிகளில் புகைக்குழாயை நேரே கூரைக்கு ஏற்றாமல் அறையின் நீளத்துக்கும் கம்பியில் தொங்கவிட்டுக் கொண்டுபோவார்கள். குழாயே கொஞ்சம் சூட்டைக் கொடுக்கும் என்பதற்காக. அதன் கெடுதல் என்னவென்றால், நீளக் குழாயில் புகை குளிர்ந்து கரி படியும், வாரக் கணக்கில் தட்டாமல் விட்டால் இணைப்பு விட்டு ஒரு நாள் மொத்தக் கரியும் பிள்ளைகள் தலையில் கொட்டும். பிற்காலத்தில் அடுப்பைச் சுற்றித் தகர உறை போட்டு, வெளிக்காற்றைக் கீழே இழுத்துச் சூடாக்கி மேலே விடும் வகை வந்தது. அறை முழுக்கச் சூடு பரவியது அதற்குப் பிறகுதான்.

இந்த அறையில் ஒரே குறை, அடுப்பு ஆறிக் கிடப்பது. பாதுகாப்பு விதிகள் புரிகின்றன. இருந்தாலும் கரிப்புகையும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை இல்லாத சமவெளிப் பள்ளிக்கூடம் பாதிப் பள்ளிக்கூடம்தான். அந்த மீதியைப் படித்துத்தான் நிரப்ப வேண்டும்.

பெஞ்சைக் குனிந்து பாருங்கள். இவ்வகைப் பள்ளி மேசைகளில் வார்ப்பிரும்புக் கால், மரப்பலகை, முன்னால் உட்காருபவரின் இருக்கை பின்னால் இருப்பவரின் மேசையோடு ஒரே துண்டாகச் சேர்ந்திருக்கும். முன்னவன் அசைந்தால் பின்னவன் எழுத்து கோணும், மை சிந்தும். அக்காலச் சண்டைகளில் பாதி இந்த ஒரு இணைப்பிலிருந்து தொடங்கியிருக்கும் போலிருக்கிறது. மைக்கும் ஒரு வழக்கு உண்டு: குளிர்கால இரவில் அறை உறைந்தால் மையும் உறையும், புட்டி வெடிக்கும். சனி ஞாயிறுக்கு மைப்புட்டிகளை வீட்டுக்கு எடுத்துப் போவது ஆசிரியை வேலை. எடுத்துப் போகாவிட்டால் திங்கட்கிழமை காலையில் புட்டிகளை அடுப்பருகே வைத்து உருக்க வேண்டும், அப்படி உருகிய மை வெளிறிப்போய் எழுதும். சின்னவர்களுக்கு எப்படியும் சிலேட்டும் பலப்பமும்தான். ஈரத்துணியால் துடைக்கச் சொல்வார்கள், பிள்ளைகள் எச்சில் தொட்டுச் சட்டைக்கையால் துடைப்பார்கள். இதில் உலகமெங்கும் ஒரே பழக்கம்தான்.

தண்ணீர் வாளியும் அப்படியே. ஒரு வாளி, நீளப் பிடி வைத்த ஒரே மொள்ளும் கரண்டி, மொத்தப் பள்ளியும் அதில்தான் குடிக்கும். ஒரு வீட்டில் தொண்டை அழற்சி காய்ச்சல் வந்தால் வாரத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். பக்கத்து மாநிலமான கான்சஸ் 1909இல் பொதுக் குவளையைத் தடைசெய்தது. அமெரிக்காவில் அதுதான் முதல் தடை. ஆசிரியை நினைவுக் குறிப்பில் 'ஆளுக்கொரு தகரக் குவளை' என்று வந்தால், அது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துக்குப் பிந்தைய நினைவு என்று காலத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

பாடம் எப்படி நடந்தது? முன்வரிசையில் ஒரு நீள் பெஞ்சு. ஒவ்வொரு வகுப்பாக எழுந்து வந்து அதில் உட்கார்ந்து ஒப்பிக்கும். காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை, மதியம் ஒரு மணி நேரமும் காலை மாலை கால்மணி இடைவேளைகளும் போக ஐந்தரை மணி நேரம். எட்டு வகுப்புக்கும் வாசிப்பு, கணக்கு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், பூகோளம் என்று பிரித்தால் ஒரு ஒப்பிப்புக்குப் பத்து நிமிடம் தேறினால் பெரிது. இதன் மறுபக்கம், பெரியவர்களின் பாடம் சின்னவர்கள் காதில் வருடம் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும். நேரே படித்ததைவிட ஒட்டுக் கேட்டுப் படித்ததுதான் அதிகம் என்று பழைய மாணவர்கள் சொல்வது இதனால்தான்.

ஆசிரியை என்பவள் பெரும்பாலும் பதினேழு பதினெட்டு வயதுப் பெண். மாவட்டக் கண்காணிப்பாளர் வைக்கும் பரீட்சையில் தேறி மூன்றாம் நிலைச் சான்றிதழ் வாங்கினால் போதும், அதுதான் தொடக்கப்படி. மூன்று பேர் கொண்ட பள்ளிக் குழு வேலைக்கு எடுக்கும், குழுவில் யாராவது ஒருவர் வீட்டிலேயோ பக்கத்திலேயோ தங்கல். பல இடங்களில் தனியறை கிடையாது, அந்த வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே கட்டிலில் படுத்து, காலையில் அவர்களுக்கே பாடம் நடத்த வேண்டும். சம்பளம் கையில் காசாக வராத மாதங்களும் உண்டு. வட்டாரக் கருவூலத்தில் பணமில்லாவிட்டால் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், ஊர்க் கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு முகமதிப்பில் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் தருவார். நினைவுக் குறிப்பில் சம்பளத் தொகையை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள், கடைக்காரர் பிடித்தது எவ்வளவு என்று தேடுங்கள்.

பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாத நல்ல விஷயம். அரசு நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 துண்டுகளாக்கி எண்ணிட்டார்கள். நெப்ராஸ்காவில் 16ஆம், 36ஆம் துண்டுகள் பள்ளிகளுக்கென்று ஒதுக்கியவை. அவற்றின் விற்பனையும் குத்தகையும் கல்விநிதிக்கு. அது போதாதபோது உள்ளூர் வரி, அதுவும் போதாதபோது பெட்டி ஏலம். பெண்கள் இரண்டு பேருக்கான சாப்பாட்டைப் பெட்டியில் வைத்து, பட்டும் காகிதப் பூவும் ஒட்டிக் கொண்டுவருவார்கள். பெட்டி யாருடையது என்று சொல்லாமல் ஏலம் விடுவார்கள், எடுத்தவர் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிடலாம். ஒரு பையனுக்கு எந்தப் பெட்டி வேண்டும் என்று தெரிந்துவிட்டால் மற்றவர்கள் சேர்ந்துகொண்டு விலையை ஏற்றிவிடுவார்கள். அந்தக் காசில் விளக்கு, பூகோளப் படம், ஆர்கன் பெட்டி எல்லாம் வந்தன. ஃப்ரீமன் பள்ளியும் பாடசாலையாக மட்டும் இருக்கவில்லை. லூத்தரன் வழிபாடு, வாக்குச்சாவடி, விவாதக் கழகம் எல்லாம் இதே அறையில்தான். கோவில் மண்டபம், சாவடி, பள்ளி மூன்றும் ஒரே கூரையில் என்றால் நமக்கு எளிதில் விளங்கும்.

இந்தச் சிறிய அறை மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன கதையைக் கேட்காமல் வெளியே வராதீர்கள். பக்கத்து நிலத்துக்காரர் டேனியல் ஃப்ரீமன், ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி முதல் விண்ணப்பம் போட்டவர்களில் ஒருவர், முதலாமவர் என்றே கொண்டாடப்படுபவர். 1863 ஜனவரி 1ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் பிரவுன்வில் நில அலுவலகத்தில் பதிந்தார். ஆசிரியை ஈடித் பீச்சர் வகுப்பில் பைபிள் வாசித்து, ஜெபம் செய்து, துதிப்பாடல் பாடவைத்ததை அவர் 1899இல் எதிர்த்தார். பள்ளிக் குழு ஆசிரியை பக்கம் நின்றது, கீழ் நீதிமன்றமும் அப்படியே. 1902இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் ஃப்ரீமன் சொன்னதே சரி என்றது. நாடு தழுவிய அளவில் இதே கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் விடை சொன்னது 1960களில்தான். வழக்கு நடந்த காலத்தில் அந்த ஆசிரியை தினம் காலையில் இதே கதவைத் திறந்து, வாதி வீட்டுப் பக்கமாகவே நடந்து வந்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால் சட்டப் புத்தகத்தில் வராத ஒன்று தெரியும்.

கதவருகே நின்று மேற்கே பாருங்கள். 1888 ஜனவரி 12 காலை இந்தச் சமவெளி இதமாக இருந்தது, பிள்ளைகள் கனத்த கோட்டு இல்லாமல் பள்ளிக்கு வந்திருந்தார்கள். வடமேற்கிலிருந்து வந்த பனிப்புயல் பல இடங்களில் வகுப்பு நேரத்திலேயே தாக்கியது. செத்தவர்கள் 235 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இங்கேதான் அடுப்புக் கதை திரும்ப வருகிறது. பிளெயின்வியூ அருகே லோயிஸ் ராய்ஸ் என்ற ஆசிரியைக்கு எரிபொருள் தீர்ந்துபோனது. தங்கியிருந்த வீடு பக்கத்தில்தான் என்று மூன்று பிள்ளைகளோடு கிளம்பினார், கண் தெரியாத பனியில் வழி தவறியது. பிள்ளைகள் மூவரும் இறந்தார்கள், அவருக்குப் பாதங்கள் போயின. ஆர்ட் ஊருக்குப் பக்கத்து மண்பாளப் பள்ளியில் கூரை பிய்ந்ததால் பிள்ளைகளை வெளியே நடத்திச்சென்று காப்பாற்றிய மினி ஃப்ரீமன் தேசப் புகழ் பெற்றார். பள்ளிப் பெயரோடு சேர்த்து அவரை டேனியல் ஃப்ரீமன் குடும்பம் என்று நினைத்துக் குழம்பாதீர்கள். லிங்கனில் இறங்கினால் மாநிலத் தலைமைக் கட்டடத்தில் அந்தப் புயலைக் காட்டும் கண்ணாடித்துண்டு ஓவியம் இருக்கிறது, பாருங்கள். கரித்தொட்டி நிறைந்த பள்ளியில் உள்ளேயே இரவைக் கழித்தவர்கள் அநேகமாகப் பிழைத்தார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2007இல் திறந்த மையக் கட்டடத்தின் கூரை, மண்ணைப் பிளந்து எழும் கலப்பையின் வடிவம். வாகன நிறுத்தம் சரியாக ஓர் ஏக்கர். அதை ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு 160ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த நிலம் அது. அந்த நிலத்துக்கு அப்போது கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர், ஐந்து வருடம் குடியிருந்து பயிரிட வேண்டியிருந்தது. வாசல் பக்கம் முப்பது மாநிலங்களின் வடிவத்தை இரும்புத் தகட்டில் வெட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை பங்கு நிலம் இப்படிக் கொடுக்கப்பட்டது என்பதைச் சதுர ஓட்டையாகக் காட்டியிருக்கிறார்கள். நெப்ராஸ்காவின் ஓட்டைதான் பெரிது, 45 சதவீதம். பூங்காவிலேயே புத்திசாலித்தனமான காட்சி அதுதான். அந்த நிலத்தில் முன்பே வாழ்ந்த பூர்வகுடிகள் கதையையும் அங்கே தவறாமல் படியுங்கள், பள்ளி அறையில் அது தெரியாது.

1867இல் கட்டிய பாமர்-எபார்ட் மரவீடு 14க்கு 16 அடி. பத்துப் பிள்ளைகளோடு பாமர் குடும்பம் அதில் வாழ்ந்தது. ஆசிரியைக்குத் தனியறை ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

புல்வெளிக்கு ஆகஸ்டு கடைசியிலிருந்து செப்டம்பர் முடிய நல்ல காலம். 1939இல் தொடங்கி மீட்டெடுத்த சுமார் 100 ஏக்கர் உயரப்புல், அந்த மாதங்களில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். இதன் நடுவே இரண்டு மைல் நடந்து பள்ளிக்கு வந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு வழி எப்படித் தெரிந்தது என்று கேட்டால், கலப்பையால் ஒரே ஒரு சால் ஓட்டிவைப்பார்கள், பிள்ளை அந்தச் சால் வழியே நடக்கும். ஆனால் கோடையில் உண்ணியும், காலில் ஏறி வாரக் கணக்கில் அரிக்கவைக்கும் சிறு பூச்சியும் உண்டு. முழுக்கால் உடை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை, நடைபாதையை விட்டு இறங்காமை, இந்த மூன்றும் இருந்தால் போதும். குழந்தைகளோடு போனால் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், காற்று வியர்வையைக் காட்டாமல் உடம்பை வற்றவைக்கும்.

பள்ளி அறைக்கு முக்கால் மணி, மையத்துக்கு ஒன்றரை மணி, நடைக்கு ஒரு மணி ஒதுக்குங்கள். ஐந்துக்கு நாலரை தரலாம். பிடித்துக்கொண்ட அரை, ஆறிய அடுப்புக்கு. ஜனவரியில் போக முடிந்தவர்கள் ஜனவரியிலேயே போங்கள். கையுறையைக் கழற்றிவிட்டுக் கதவோரக் கடைசி இடத்தில் பத்து நிமிடம் நின்று, ஒரு தாளில் பேனாவால் பெயரை எழுதிப் பாருங்கள்.